எங்கள் குருளையர்களுக்குக் கைவேலை பழக்கிய உங்களுக்கு நன்றி

அன்பான ஊர் மக்களுக்கும் பெற்றோர்களுக்கும், தஞ்சாவூரில் இருந்து வந்து சொல்லிக்கொடுத்த கலைஞர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்கன்று நம் பள்ளிப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு குடமுருட்டிப் படித்துறைக்குப் போனதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியது இல்லை. மூங்கில் குச்சியைச் சேர்த்துக் கட்டியது, வண்ணக் காகிதம் வெட்டியது, பசை தடவியது எல்லாம் சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகளான நம் குருளையர்களும் (பையன்கள்) நீலப்பறவையர்களும்தான் (பெண் பிள்ளைகள்). ஜூனில் பள்ளி திறந்ததில் இருந்து சனிக்கிழமை தோறும் அவர்களோடு உட்கார்ந்து பழக்கியவர்கள் நீங்கள். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. பெயர் எதுவும் போட வேண்டாம் என்று பல பேர் சொல்லிவிட்டீர்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்குத் தெரியும்.

சாரணர் இயக்கத்தில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கென்று அதன் நிறுவனர் பேடன் பவல் 1916-ல் தொடங்கிய தனிப் பிரிவுதான் குருளையர். முடிந்தவரை முயற்சி செய் என்பதுதான் குருளையரின் குறிக்கோள். முயற்சி செய்ய வேண்டியது பிள்ளை. ஆனால் பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்குப் பொறுமை இருந்தால்தான் அது நடக்கும். கோணலாகப் போகிறதே என்று பிடுங்கி, தாமே செய்து கொடுத்துவிடுவது பெரியவர்களுக்குச் சுலபம். நீங்கள் ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லை. நான் முதலில் நன்றி சொல்வது அதற்குத்தான்.

கீழத்தெரு அப்பாயி தென்னங்கீற்றோடு வந்த நாளில் பிள்ளைகள் யாருக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஓலையில் இருந்து ஈர்க்கை உரிப்பதே முதல் பாடம். அப்புறம் இரண்டு ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மடித்துப் பாம்பு, கைக்கடிகாரம், உள்ளே கூழாங்கல் போட்ட கிலுகிலுப்பை. மடிப்பு தவறினால் அப்பாயி ஒரே ஒரு மடிப்பை மட்டும் பிரித்து, "இங்க இருந்து நீயே போடு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பூவரச இலைப் பீப்பியும் அவர் தந்ததுதான். ரொம்பத் தளிராக இருந்தால் சத்தம் வராது, முற்றினால் சுருட்டும்போதே கிழியும். நடுத்தரமான இலையாகப் பார்த்துப் பறிக்க இப்போது எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அன்று தெருவே அதிர்ந்ததைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி.

தலையாட்டி பொம்மை செய்யலாமா என்று பிள்ளைகள் கேட்டபோது நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அச்சில் காகிதம் ஒட்டி, காயவைத்து, அடியில் களிமண் வைத்து, வண்ணம் தீட்டி முடிக்க நாள் கணக்காகும். தஞ்சாவூர் பொம்மைக்கார ஐயா அதையே கொட்டாங்கச்சியில் சுருக்கமாகச் செய்து காட்டினார். தேங்காயில் கண் இல்லாத பாதியை எடுக்க வேண்டும், அதன் அடிதான் நல்ல உருண்டை. வெளியே உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, உள்ளே களிமண்ணை அழுத்தி அப்பி, மேலே காகிதக் கூம்பு ஒட்டினால் உடம்பு. காகிதக் கூழில் உருட்டியது தலை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆசை ஆசையாகத் தலையில் பெரிய கொண்டை வைத்தான். பொம்மை சாய்ந்தது, எழவில்லை. ஐயா அதைத் தொடவே இல்லை. "கனம் எங்க இருக்குன்னு பாரு" என்றார். கொண்டையை எடுக்க அவனுக்கு மனசில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அடியில் இன்னும் ஒரு பிடி மண்ணை அப்பித் தள்ளிவிட்டான். பொம்மை ஆடி ஆடி நிமிர்ந்தது. எடை கீழே இருந்தால் பொம்மை விழாது என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் அவன் மனப்பாடம்தான் செய்திருப்பான்.

முடிச்சுப் பழகக் கயிறு இல்லாமல் இருந்தோம். மேலத்தெருப் பெரியப்பா, "கயிறு எதுக்கு வாங்கணும், திரிச்சுக்கலாம்" என்றார். மெஷின் அறுத்த வைக்கோல் நைந்து துண்டு துண்டாகக் கிடக்கும், அதில் பிரி (முறுக்கிய வைக்கோல் கயிறு) நிற்காது. விதைக்காகக் கையால் அறுத்துக் காயவைத்திருந்த மாப்பிள்ளை சம்பா வைக்கோலை அவர் போரில் இருந்து உருவிக் கொடுத்தார். ஆள் உயரத்துக்கு வளரும் நெல் என்பதால் தாளும் நீளம். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு பிள்ளை வைக்கோலை விட்டுக்கொண்டே இருக்க, இன்னொன்று குச்சியில் மாட்டி முறுக்கிக்கொண்டே பின்னால் நடக்க, பள்ளித் திடலின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை பிரி நீண்டது. அதில்தான் ரீஃப் முடிச்சும் குளோவ் ஹிட்ச் முடிச்சும் படித்தார்கள். தாங்களே திரித்த கயிறு என்பதால் ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை. அதே பெரியப்பா கொடுத்த பூங்கார், கருப்புக்கவுனி, தூயமல்லி நெல்மணிகளைத் தட்டில் பரப்பி, துணியால் மூடி, பார்த்ததை நினைவில் இருந்து சொல்லும் விளையாட்டும் ஆடினோம்.

நெட்டிக் கலைஞர் அக்காவுக்குத் தனி வணக்கம். குளத்தில் வளரும் ஒரு செடியின் தண்டுக்குள் இவ்வளவு வெள்ளையான, எடையே இல்லாத பொருள் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கத்தி வேலையைத் தாமே வைத்துக்கொண்டு, சீவிய துண்டுகளை மட்டும் ஒட்டக் கொடுத்தார். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த கலை இது. பழக வருகிறவர்கள் குறைவு என்று அவர் வருத்தப்பட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அவர் வீட்டுக்கே வந்து பழகக் கேட்டிருக்கிறார்கள். பெற்றோர்கள் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

சப்பரத்துக்குப் பலகையும் சக்கரமும் தந்த தச்சர் அண்ணன், வெட்டி மிஞ்சிய வண்ணத் தாளை மூட்டையாகக் கட்டித் தந்த அச்சகத்தார், மைதா தந்த மளிகைக் கடைக்காரர், சத்துணவுக் கூடத்தில் பசை காய்ச்ச இடம் விட்ட அக்கா, சீருடையில் ஒட்டிய களிமண்ணைத் துவைத்தே களைத்துப்போன அம்மாக்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறோம்.

படித்துறையில் நின்ற இளைஞர்களை மறக்கவே முடியாது. ஆறு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கும்பிட்டு முடித்துக் கடைசிப் பிள்ளை மேலே ஏறும் வரை இரண்டாம் படிக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் நிம்மதியாக இருந்தது உங்களால்தான்.

தச்சர் அண்ணனின் சின்ன உளியும் சுத்தியலும், இரண்டு வீட்டுக் கத்தரிக்கோல்களும், பசை காய்ச்சிய பித்தளைப் பாத்திரமும் பள்ளி அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வரும் சனிக்கிழமை பிள்ளைகளே கொண்டுவந்து கொடுப்பார்கள். நவராத்திரிக் கொலுவுக்குக் களிமண் பொம்மை செய்யக் கேட்டிருக்கிறார்கள். அச்சு இருப்பவர்கள் அன்றைக்கே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் ஊர்ப் பள்ளியின் குருளையர் படை ஆசிரியை