நெட்டைக்கு நெறி கட்டிய கதை

அன்புள்ள அழுமூஞ்சிக்கு,

நலம். உன் மாமியாரின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன். மகன் மிச்சம் வைத்த பேப்பரை எழுதி முடித்தானா? சரி, விசாரிப்பு போதும், விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

நம் நெட்டைக்கு லிம்போமா. நிணநீர்க் கணுக்களில், அதாவது நாம் நெறி கட்டுகிறது என்கிற இடங்களில், வரும் புற்றுநோய். “அவளிடம் போனில் சொன்னால் நான்தான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், நீயே எழுதிவிடு” என்று என் தலையில் கட்டிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

சங்கிலியின் கொக்கியை மாட்டும்போது கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டதாம். வலி கிடையாது. அழுத்தினால் பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரி கொஞ்சம் கொடுத்து நின்றது. நெறி கட்டியிருக்கிறது, தானாக வடிந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். இன்னொருவர் ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்தார், ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. மூன்றாமவர்தான் கணுவையே முழுதாக எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஊசி முனையில் வரும் சில செல்களை வைத்து இது என்ன ரகம் என்று சொல்வது கஷ்டம். கணுவுக்குள் செல்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்று பார்த்தால்தான் பிடிபடும்.

இந்நேரம் உன் கை உன் கழுத்துக்குப் போயிருக்கும். எடு கையை. தொண்டை வலி, சொத்தைப் பல் என்று எதற்கெல்லாமோ நெறி கட்டும், அதில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. வாரக்கணக்கில் வடியாமல் நின்றால், பெரிதாகிக்கொண்டே போனால், காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடுப்பு நனைகிற வியர்வை, எடை மளமளவென்று இறங்குவது இதெல்லாம் சேர்ந்துகொண்டால் காட்ட வேண்டும். நெட்டைக்கு இதில் எதுவுமே இல்லை, கட்டி மட்டும்தான்.

இனி என் கதை. செய்தி கேட்ட அன்று இரவு நான் அழவில்லை, எண்களைத் தோண்ட ஆரம்பித்தேன். என் புத்தி உனக்குத் தெரியாததா! இது எத்தனை பேருக்கு வருகிறது, எத்தனை பேர் போகிறார்கள், இரண்டே கேள்விதான். முதல் கேள்விக்குச் சுலபமாகப் பதில் கிடைத்தது. 2022-இல் உலகம் முழுக்கப் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடிப் பேர். லிம்போமாவை ஹாட்ஜ்கின், அது அல்லாத நான்-ஹாட்ஜ்கின் என்று இரண்டு பெரிய வகையாகப் பிரிக்கிறார்கள். அதில் நான்-ஹாட்ஜ்கின் சுமார் 5.5 லட்சம், ஹாட்ஜ்கின் 80 ஆயிரத்துச் சொச்சம். நூறு புற்றுநோயாளிகளில் மூன்று பேர் என்று வைத்துக்கொள். நுரையீரல் புற்றுநோயில் கால்வாசிதான். ஆனால் அபூர்வம் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்கக் கணக்குப்படி ஐம்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது நான்-ஹாட்ஜ்கின் வருகிறது. நம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தோம் என்று நீயே எண்ணிக்கொள்.

இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். அதே 2022-இல் நான்-ஹாட்ஜ்கினால் இறந்தவர்கள் சுமார் 2.5 லட்சம். ஐந்தரைக்கு இரண்டரை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் நிதானமாக யோசித்தேன். இந்த வருஷம் இறந்தவர்கள் எல்லாம் இந்த வருஷமே நோய் வந்தவர்கள் இல்லையே. தவிர, அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 80 ஆயிரம் பேருக்கு வருகிறது, 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அங்கே கால்வாசி. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ரகங்கள்தான் வருகின்றன என்று சொல்ல முடியாது, வயதும் வேறுபடும். ஆனாலும் எப்போது கண்டுபிடித்தார்கள், மருந்து கிடைத்ததா என்பதும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. உதாரணத்துக்கு, டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1958-இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடைக் கட்டியைப் பற்றி எழுதினார், இன்று அந்த லிம்போமா அவர் பெயரில்தான் இருக்கிறது. ஓரிரு நாளில் இரட்டிப்பாகிற அசுரக் கட்டி. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. வசதி இல்லாத இடங்களில் அந்தக் கணக்கு அப்படியே சரிகிறது. இதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் மேலே போக முடியவில்லை.

இன்னொரு சிக்கல். லிம்போமா என்பது ஒரே நோய் இல்லையடி. அறுபது, எழுபது ரகத்துக்கு மேல் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குத் தலைகீழாகப் பட்ட விஷயம், வேகமாக ஓடுகிற ரகங்களைத்தான் பெரும்பாலும் அடியோடு ஒழிக்க முடிகிறது. கீமோ மருந்து, பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கிற செல்களைத்தான் நன்றாகப் பிடிக்குமாம். மெதுவாக நகர்கிற ரகம் மருந்துக்கு அடங்கும், ஆனால் பெரும்பாலும் திரும்பி வரும். வந்தாலும் அதோடு பல வருஷம் வாழலாம். அமெரிக்கக் கணக்கில் நான்-ஹாட்ஜ்கின் வந்து ஐந்து ஆண்டு தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 74 என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் வேகமான ‘டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்’ ரகத்தில் 65-ஐ ஒட்டி நிற்கிறது, மெதுவான ‘ஃபாலிக்குலர்’ ரகத்தில் 90 பக்கம். அந்த 74 இந்த இரண்டு பேருக்குமே பொருந்தாத எண். ஹாட்ஜ்கின் வகை தனி, இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளைக்கூடப் பிடிக்கும், ஆனால் அங்கே 90-ஐ நெருங்குகிறது. 1960-கள் வரை பரவிவிட்டால் கைவிரித்த நோய் அது.

நெட்டைக்கு வந்திருப்பது ஃபாலிக்குலர். மூன்றாம் ஸ்டேஜ். அலறாதே! ரத்தத்தோடும் நிணநீரோடும் சுற்றித் திரிகிற செல்களுக்கு வருகிற நோய் இது, கண்டுபிடிக்கும்போதே பல இடத்தில் இருப்பது சகஜம். மார்பிலோ குடலிலோ வருகிற புற்றுநோயின் மூன்றாம் ஸ்டேஜ் போல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கேதான் வீட்டில் ரகளை. “இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்” என்றார் டாக்டர். அவள் வீட்டுக்காரர் கொதித்துப்போனார். கேன்சர் என்று வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இரு என்றால் எந்த வீட்டில்தான் சும்மா இருப்பார்கள்? மாமா ஒருவர் வேறு, டாக்டர் கைகழுவிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார். அந்த மாமாதான், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தவர். நான் தேடிப் பார்த்தேன். 2003-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. தொந்தரவு தராத மெதுவான லிம்போமாவுக்கு உடனே கீமோ மாத்திரை கொடுத்தவர்களும், காத்திருந்து தேவைப்பட்டபோது கொடுத்தவர்களும் உயிர்வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. இப்போது ரிடுக்ஸிமாப் போல நல்ல மருந்துகளும் இருக்கின்றன. தேவைப்படும்போது கையில் எடுக்க ஆயுதம் இருக்கிறது. இதை அவள் வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்க முடியாது. இந்த ரகம் ஆண்டுக்கு நூறில் இரண்டு மூன்று பேருக்கு வேகமான ரகமாக மாறிவிடும். அதைக் கண்காணிக்கத்தான் அந்த மூன்று மாதக் கணக்கு. இது நெட்டைக்குத் தெரியும், அவள் வீட்டுக்காரருக்கும் தெரியும், மாமாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பகலில் நன்றாகத்தான் இருக்கிறாள். ராத்திரியில் மட்டும் வேறு எங்காவது கட்டி தட்டுப்படுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாளாம். “வெட்டி எடுத்துவிடு என்றாலாவது ஒரு தேதி இருக்கும்” என்றாள். இதற்குச் சொல்ல என்னிடம் எந்த எண்ணும் இல்லை.

அடுத்த செக்கப் வரும் மாதக் கடைசியில். நான் கூடப் போகிறேன். நீ இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போடு. ‘உனக்கு ஒன்றும் ஆகாது’ என்று ஆரம்பிக்காதே, கடுப்பாகிறாள். யாரோ சொன்ன கஷாயம், மூலிகை எதையும் சிபாரிசு செய்யாதே, அதற்கு மாமா இருக்கிறார். வழக்கம் போல வம்பு பேசு. ரெக்கார்ட் நோட்டு விவகாரத்தை அவள் கிளறினால் மட்டும் என்னை இழுத்துவிடாதே.

அன்புடன்,
உன் குள்ளி