டப்பென்ஸ் தன் மகளிடம் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

நீ விட்டுச் சென்ற புத்தகங்களில் அகதா கிறிஸ்டியின் 'என் ஆர் எம்?' நாவலை எடுத்துப் படித்தேன். 1941-இல் வெளிவந்த ஒற்றர் கதை. 1922-இல் வந்த முதல் கதையில் கையில் காசில்லாத இளைஞர்களாக இருந்த டாமியும் டப்பென்ஸும் இதில் கணவன் மனைவியாக நடுவயதை எட்டிவிட்டார்கள். 1940-இன் வசந்தத்தில், நாடே போரில் இருக்கும்போது, வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் வயதைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். மகள் டெபோரா அரசின் சங்கேத எழுத்துப் பிரிவில் வேலை பார்க்கிறாள்; அதைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது. அம்மா கம்பளி பின்னிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்று அவள் பரிவோடு நினைக்கிறாள். அந்தப் பரிவைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அந்த அம்மாவோ, எதிரி ஒற்றரைக் கண்டுபிடிக்கக் கணவனுக்கு மட்டும் தரப்பட்ட ரகசியப் பணியை ஒட்டுக்கேட்டு, அவனுக்கு முன்பாகவே தென்கடற்கரை விடுதியான சான் சூசிக்கு வேறு பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கார்ன்வாலில் ஒரு முதிய உறவினருக்குத் துணையாக இருக்கிறேன் என்று மகளிடம் பொய் சொல்கிறாள். போர்முனையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இல்லாத மகன்களின் கடிதங்களை விடுதியில் உரக்கப் படிக்கிறாள். அவற்றைத் திருட்டுத்தனமாக யாராவது பிரித்தால் தெரியவேண்டும் என்று மடிப்புக்குள் ஓர் இமைமுடியை வைக்கிறாள். ஒற்றர் யார் என்று சொல்லமாட்டேன். நீ படித்திருந்தால் மறந்திருக்கமாட்டாய்.

இங்கிலாந்தில் நீ வசிக்கும் மில்டன் கீன்ஸுக்குள் இருக்கும் பிளெட்ச்லிக்கும் இந்த நாவலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கதையில் மேஜர் பிளெட்ச்லி என்றொருவர் வருகிறார். ஜெர்மானியச் சங்கேதங்களை உடைக்கும் ரகசியக் கூடம் அதே பெயருள்ள இடத்தில் இயங்கியதால், விஷயம் கசிந்துவிட்டதோ என்று உளவுத்துறை கலங்கியது. அங்கே பணியாற்றிய டில்லி நாக்ஸ் கிறிஸ்டியின் நண்பர்; ஏன் அந்தப் பெயர் என்று அவரே கிறிஸ்டியிடம் கேட்டார். ரயில் பயணத்தில் அந்த ஊரில் மாட்டிக்கொண்ட எரிச்சலில், விருப்பமில்லாத பாத்திரம் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தேன் என்றார் கிறிஸ்டி. அந்தக் கூடத்தில் வேலை செய்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள், பெரும்பாலும் உன் வயதுக்காரர்கள். 1970-களின் நடுப்பகுதிவரை வாய் திறக்காமல் இருந்தார்கள். மகள் போரில் என்ன செய்தாள் என்று அறியாமலே எத்தனையோ பெற்றோர் இறந்துபோயிருப்பார்கள்.

அவர்களுக்கு நாட்டின் கட்டளை இருந்தது. உனக்கு அப்படி எந்தக் கட்டளையும் இல்லையே, அம்மா.

நம் வீட்டிலிருந்து முதலில் அவ்வளவு தூரம் போனவள் நீ. உன் பெரியப்பா வாயாலேயே அதைச் சொல்லக் கேட்டு மகிழ்ந்தவன் நான். ஆனாலும் கார்த்திகைக்குப் பிறகு நீ பேசுவதெல்லாம் ஒரே மூன்று வாக்கியங்களாக இருக்கின்றன. வேலை நன்றாகப் போகிறது, குளிர் அதிகம், தூக்கம் வருகிறது. உன் தம்பியிடம் மட்டும் ஏதோ சொல்லியிருக்கிறாய். அவன் வாக்குக் கொடுத்தவன்போல் எழுந்து போய்விடுகிறான். நான் அவனை வற்புறுத்தவில்லை, உன் அம்மாவையும் கேட்க விடவில்லை.

டெபோரா தன் பெற்றோரைத் தாங்கும் சக்தியற்றவர்களாக எண்ணியதுதான் கதை முழுக்க எனக்கு உறுத்தியது. டாமியும் டப்பென்ஸும் அவள் நினைத்ததைவிட எவ்வளவோ கேட்கவும் தாங்கவும் கூடியவர்கள். நாங்களும் அப்படித்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த வேலை இப்போது இல்லையென்றாலும் சாப்பிடு. சித்திரையில் வருவதாகச் சொன்னாய்; அதற்கு முன்பே வரத் தோன்றினால் தம்பியிடம் தேதியை மட்டும் சொல். டிக்கெட்டை நான் எடுத்துவிடுகிறேன். காரணத்தை நீயாகச் சொல்லும்வரை இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா