சம்பளத்தைத் தொட மறுத்த படை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வட மாநிலங்களின் தரப்பில் போரிட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படையை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமளித்தது. 1863இல் கறுப்பினத்தவரைக் கொண்டு திரட்டப்பட்ட அப்படையினருக்கு, வெள்ளை வீரர்களைப் போலவே மாதம் 13 டாலர் என வாக்களித்துவிட்டு, 10 டாலரே தர முன்வந்து, அதிலும் உடைக்கென 3 டாலரைப் பிடித்தம் செய்ய முற்பட்டதால், அவர்கள் ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளத்தையே தொட மறுத்தார்கள்; குடும்பங்கள் வறுமையில் வாடியபோதும் இணங்கவில்லை. இதற்கிடையில்தான் 1863 ஜூலை 18 அன்று, தென் மாநிலங்களின் படை வசமிருந்த வாக்னர் கோட்டை மீதான தாக்குதலில் தளபதி ராபர்ட் ஷா உள்ளிட்ட பலர் மடிந்தார்கள். கொடி பிடித்தவர் சாய்ந்ததும் அதை ஏந்திய வில்லியம் கார்னி, பலத்த குண்டுக் காயங்களோடு திரும்பி வந்து, கொடி தரையைத் தொடவேயில்லை என்றார். அவருக்குரிய வீரப்பதக்கம் 1900இல்தான் வழங்கப்பட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை