நோட்டுக் கட்டு படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கள்ளநோட்டு பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் ஒரே மாதிரியான படம்தான் வருகிறது. மேசை மேல் நோட்டுக் கட்டுகள், ஒரு பிரிண்டர், பின்னால் வரிசையாகக் காவலர்கள். அந்த நோட்டு நம் கைக்கு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரி இருப்பதில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியிலிருந்து ஒருவர் பேனர் அடிக்க வந்தார். பிரான்சிலிருந்து வரும் அண்ணனை வரவேற்க, படத்துக்குப் பின்னால் யூரோ நோட்டுகள் பறக்கிற மாதிரி வேண்டும் என்றார். அவர் கொடுத்த நோட்டை ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் திறந்தால், பணநோட்டுப் படத்தைத் திருத்த முடியாது என்று அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் முயன்றேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பல நாட்டு மத்திய வங்கிகள் சேர்ந்த ஒரு குழு உருவாக்கிக் கொடுத்த நிரல் அது. 2003இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் சி.எஸ். பதிப்பிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். கலர் ஜெராக்ஸ் மிஷினுக்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். யூரோ நோட்டில் ஐந்து குட்டி வட்டங்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்ததும் மிஷின் நகல் எடுக்க மறுத்துவிடும். 2002இல் மார்க்குஸ் குன் என்ற கணினி ஆய்வாளர் இதைக் கவனித்துச் சொன்னார். நம் திருவாதிரை இருக்கிற ஓரியன் விண்மீன் கூட்டத்தை யூரோவோடு சேர்த்து 'யூரியன்' என்று பெயரும் வைத்தார்.

இந்தப் பூட்டு அவசியம்தான். நல்ல பிரிண்டர் வைத்திருக்கும் ஒருவருக்குச் சும்மா தோன்றும் சபலத்தை அது தடுக்கும். ஆனால் அச்சு எந்திரத்தையே அமைத்துக்கொண்டு இதைத் தொழிலாகச் செய்கிறவர்களை ஒரு மென்பொருள் எவ்வளவு தூரம் தடுக்கும்? அவர்களின் நோட்டு கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்காவின் சுருக்குப் பை.

குழுத் தவணை கட்டப் போனபோது அவர் கொடுத்ததில் ஒரு ஐந்நூறு கள்ளநோட்டாக இருந்தது. வங்கியில் அதில் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். விதி அதுதான், நோட்டு திரும்ப வராது, ஈடாகப் பணமும் கிடைக்காது. அக்காவுக்கு அது தெரியாது. ரசீதைக் காட்டினால் காசு தருவார்கள் என்று பல நாள் பத்திரமாக வைத்திருந்தார். என் கடைக்கு வந்து, "தம்பி, இதுல என்னைக்கு வரச் சொல்லிப் போட்டிருக்கு?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் எழுத வேண்டும். வங்கிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, பலர் அந்த நோட்டை அடுத்த கடையில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு தடவை கட்டும் பணத்தில் நான்கு நோட்டு வரை இருந்தால், வங்கி மாதக் கடைசியில் மொத்தமாகக் காவல்துறைக்கு அறிக்கை அனுப்பும், அவ்வளவுதான். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். கள்ளநோட்டு என்று தெரிந்தே மாற்றுவதுதான் பெரிய குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 179ஆம் பிரிவில் அதற்கு ஆயுள் தண்டனை வரை இடமுண்டு.

ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியைக் கள்ளநோட்டு பார்க்க ஏற்றித் தரச் சொல்லிச் சிலர் என் கடைக்கு வருகிறார்கள். பார்வையற்றவர்களுக்காக வந்த செயலி அது. எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்லும், நல்லதா கள்ளதா என்று சொல்லாது.

பார்க்க வேண்டியது கண்ணும் விரலும்தான். ஐந்நூறு நோட்டைச் சாய்த்தால் பச்சை நூல் நீலமாக மாற வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் நோட்டில் வெறுமையாக இருக்கும் இடத்தில் காந்தி முகமும் 500 என்ற எண்ணும் தெரிய வேண்டும். இரண்டு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். இருநூறில் நான்கு கோடுகள், நடுவில் இரண்டு சிறு வட்டங்கள். விடியற்காலையில் துறைமுகத்து மங்கல் வெளிச்சத்தில் நூலின் நிறம் தெரியாது. அங்கே இந்தக் கோடுகள்தான் உதவும். நோட்டு ரொம்பப் பழசானால் கோடும் தேய்ந்துவிடும், அதனால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

கள்ளநோட்டுச் செய்தி போடும் ஒவ்வொரு முறையும் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி, எழுத்தைக் குறைத்துப் படமாக. நோட்டு மாதிரி அச்சிடுவது அதே தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவின்படி தவறு என்பதால், நூல், கோடுகள், விரல் வைக்கும் இடம் இவற்றை மட்டும் கோட்டோவியமாக வரைந்து இரண்டு பத்தி அகலத்தில் வடிவமைத்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். காசு எதுவும் வேண்டாம். அக்காவிடம் காட்டினேன், ஐந்நூறுக்கும் இருநூறுக்கும் உள்ள வித்தியாசத்தை உடனே சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.