மாடி அறைக்கு ஓர் அளவு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

முற்றத்தைச் சுற்றிய வளவையும் மாடியையும் புதுப்பிக்க நீ வரைந்து அனுப்பிய படம் கிடைத்தது. வெறும் புகைப்படங்களைப் பார்த்தே தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியை அங்குலம் பிசகாமல் குறித்திருக்கிறாய். யார் வரைந்தது என்று கொத்தனார் கேட்டபோது, என் மகள் என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் முற்றத்தின் மேல் நீ போட்டிருக்கும் கண்ணாடிக் கூரையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே கண்ணாடி வெயிலைப் பிடித்து வைத்து வீட்டைக் கதகதப்பாக்கும். சித்திரை மாதத்தில் அதே கண்ணாடி நம் வளவை அடுப்பாக்கிவிடும். சூடேறிய காற்று மேலே போக வழி இருப்பதால்தான் நடுப்பகலிலும் தாழ்வாரத்தில் உட்கார முடிகிறது. மழை உள்ளே விழுகிறதே என்பாய். விழட்டும், அதற்காகத்தான் முற்றத்தில் கல் பாவி, மூலைக்கு மூலை அண்டா வைத்தார்கள்.

வெளியூர்ச் சரக்கே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. தூண்கள் பர்மாத் தேக்கு. முகப்புச் சுவரில் இருக்கும் பூப்போட்ட டைல்ஸ் ஜப்பானில் செய்தது. இங்கிலாந்தில் கணப்பு அடுப்பைச் சுற்றிப் பதித்த வகையைப் பார்த்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் மலிவாகச் செய்து கப்பலேற்றினார்கள். தைவானில் அதைக் கூரை முகட்டில் பதித்தார்கள். சிங்கப்பூர்ச் சீனர்கள் கடைவீட்டு முகப்பிலும் கல்லறையிலும் பதித்தார்கள். கணப்பே தேவைப்படாத நம் ஊரில், வந்தவர்கள் சாய்ந்து உட்காரும் சுவரில், எண்ணெய்த் தலை பட்டாலும் துடைத்துவிடலாம் என்று பதித்தார்கள். இந்தியாவுக்கென்றே சாமி படம் போட்ட டைல்ஸும் அங்கிருந்து வந்தது.

நீ இருக்கும் ஸ்வீடனிலும் அப்படித்தானே நடந்திருக்கிறது? 1771-இல் பாரிசிலிருந்து திரும்பிய மூன்றாம் குஸ்தாவ் அரசர் பிரெஞ்சு அரண்மனைப் பாணியை விரும்பினார். அந்த நாட்டுத் தச்சர்களோ பைன் மரத்தில் அதைச் செய்து, தங்க முலாமுக்குப் பதிலாக வெளிர் சாம்பல் பூசி, குறைந்த வெளிச்சத்துக்குப் பொருந்த வைத்தார்கள். நீ படித்துச் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். சொல்லிக்கொடுத்த நீயே, வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வளவுக்கு மரப்பலகைத் தரை என்று எழுதலாமா?

அதனால் தரைக் கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போய் வந்தேன். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் சாந்து வைத்து அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அதன் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கிறது. பிரான்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்திர அழுத்தத்தில் செய்யத் தொடங்கிய சிமெண்டுக் கல்லுக்கு நம் ஊரில் கண்ணாடியும் கையும் போதுமாக இருக்கிறது. நீ கேட்கும் வெளிர் சாம்பலிலேயே ஊற்றித் தருகிறார்களாம். தரைக்கு அதுவே இருக்கட்டும். சுவர் ஏற்கனவே முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. அதை விட வெண்மை எந்த டப்பாவிலும் வராது. முற்றத்தை மட்டும் மூட வேண்டாம்.

மாடி அறையைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒற்றைக் கட்டிலும் ஒரு மேசையும்தான் வரைந்திருக்கிறாய். இடமில்லாமல் இல்லை, பதினான்கு அடி அறை அது. மாப்பிள்ளையும் உயரமானவர், ஆறரை அடிக் கட்டிலாவது வேண்டும். வளவைச் சுற்றி அறை கட்டியதே புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒன்று என்ற கணக்கில்தான். அந்த நாட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்வார்கள் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அந்த வழக்கப்படி கட்டிலும் தனித்தனியோ என்று யோசித்தேன். ஆனால் இன்னொரு கட்டில் படத்தில் எங்கும் இல்லை. ஆத்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நீயும் வண்ணம், பலகை, அளவு என்று பேசுகிற வரை பேசுகிறாய். வேறு பேச்சு எடுத்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். இவ்வளவு நுணுக்கமாக வரையத் தெரிந்தவள் ஒன்றை மறந்து விட்டிருப்பாய் என்று நான் நம்பவில்லை.

தை பிறந்ததும் தச்சர் மரம் அறுக்க வருகிறார். அவருக்குக் கட்டிலின் அளவு சொல்ல வேண்டும். ஒன்று போதும் என்றால் போதும் என்றே எழுது. காரணத்தை வந்த பிறகு சொன்னால் போதும். எதுவானாலும் மாடி அறை உனக்காகத்தான் தயாராகிறது. அதற்குள் பதில் போடு.

உன் அப்பச்சி