எங்களுக்காகப் பாடத்தைக் குறைக்காதீர்கள்

நியூ ஜெர்சியில் நாங்கள் உறுப்பினராக இருக்கும் யூத ஜெபாலயத்தின் ரப்பி (மதகுரு) அவர்களுக்கும் கல்விக் குழுவினருக்கும் வணக்கம்.

அடுத்த கல்வியாண்டிலிருந்து புதன்கிழமை மாலை நடக்கும், யூத வேதத்தின் மொழியான ஹீப்ரு வகுப்பை நிறுத்திவிட்டு ஞாயிறு காலை மட்டும் பள்ளி நடத்தலாம், பிரார்த்தனைகளை ஆங்கில எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம் என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முதல் காரணமாகச் சொல்லியிருப்பது எங்களைத்தான். அப்பா அம்மாவில் ஒருவர் யூதராக இல்லாத வீடுகளுக்கு ஹீப்ரு பாரமாக இருக்கிறது, அவர்கள் விலகிப் போய்விடக் கூடாது என்கிறீர்கள். அந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: எங்கள் பெயரைச் சொல்லிப் பாடத்தைக் குறைக்காதீர்கள். உங்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்பியதையே இங்கே தமிழிலும் எழுதுகிறேன். யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

நான் மதுரைப் பக்கம் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். மதம் மாறவில்லை. கணவர் யூதர். பிள்ளையை யூத முறைப்படி வளர்ப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவெடுத்தோம். இத்தனை வருடத்தில் உங்களில் ஒருவர்கூட என்னிடம் "எப்போது மாறப் போகிறீர்கள்?" என்று கேட்டதில்லை. மகளுக்கு ஹீப்ருப் பெயர் சூட்டிய அன்று என்னையும் மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். அதற்கெல்லாம் நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மரபான யூதச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். அந்தக் கணக்கில் என் மகள் வர மாட்டாள். 1983-ல் யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த அமெரிக்க ரப்பிகள் மாநாடு, பெற்றோரில் யார் யூதராக இருந்தாலும் பிள்ளையை யூதராக ஏற்கலாம் என்று தீர்மானம் போட்டது. பிறப்பு மட்டும் போதாது, அந்த வாழ்வைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதைச் செயலில் காட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஹீப்ருப் பெயர், தோரா என்னும் வேதத்தின் படிப்பு, பெண் பிள்ளை வளர்ந்து வேதப் பொறுப்பை ஏற்கும் பாட் மிட்ஸ்வா சடங்கு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். யூதத் தாய்க்குப் பிறந்த பிள்ளை ஒன்றுமே படிக்காவிட்டாலும் அவளை யூதர் இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. என் மகளுக்கு அந்த வசதி கிடையாது. நாளைக்குக் கல்லூரியில் யாராவது "உன் அம்மா யூதரா?" என்று கேட்கும்போது அவளுக்குத் துணை நிற்கப் போவது அவள் படித்த படிப்பு ஒன்றுதான். பாடம் குறைந்தால் முதலில் நஷ்டப்படுவது யாருக்காகக் குறைக்கிறீர்களோ அந்தப் பிள்ளைகள்தான்.

ஆங்கில எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒருநாள் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துத் தோராச் சுருளை விரித்துக் காட்டினார்கள். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் ஷெமா என்ற பிரார்த்தனை வசனத்தில், படிக்கும் வரியைச் சுட்டும் வெள்ளிக் குச்சியை வைத்தார் ஆசிரியர். என் மகள் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த தாலெத் மட்டும் ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்று கேட்டாள். தாலெத், ரேஷ் என்ற இரண்டு ஹீப்ரு எழுத்தும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மூலை மட்டும்தான் வித்தியாசம். "கடவுள் ஒருவரே" என்னும் இடத்தில் அதை ரேஷ் என்று படித்துவிட்டால் "வேறொருவர்" என்று ஆகிவிடும். அதனால்தான் எழுதுபவர்கள் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்பது மரபில் சொல்லும் விளக்கம். வீட்டுக்கு வந்து இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு மூலையைக் காட்டினாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? புதன்கிழமை வகுப்பில் எழுத்து எழுத்தாகப் படித்ததிலிருந்து. ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளில் பெரிய தாலெத்தும் இல்லை, சின்ன தாலெத்தும் இல்லை.

முதன்முதலில் எழுத்துப் படிக்க வரும் பிள்ளைக்குப் பலகையில் எழுத்துகளின் மேல் தேன் தடவி நக்கக் கொடுக்கும் பழைய வழக்கத்தைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கு விஜயதசமி அன்று தாம்பாளத்து அரிசியில் அப்பா என் விரலைப் பிடித்து அ எழுத வைத்தது ஞாபகம் வந்தது. எழுத்தை இவ்வளவு மதிக்கும் மரபு, பிள்ளையிடமிருந்து அதை மறைக்கலாமா?

ஞாயிறு வகுப்பே போதும் என்பதற்கு அமெரிக்க யூதப் பெண்மணி ரெபெக்கா கிராட்ஸை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அவர் 1838-ல் பிலடெல்பியாவில் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, யூதக் கல்வியே கிடைக்காமல் இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கதவைத் திறந்தார். இல்லாத இடத்தில் ஒன்றைக் கொண்டுவந்தவர் அவர். இருப்பதை எடுத்துவிட அவரைச் சாட்சிக்கு அழைப்பது சரியாகப் படவில்லை.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எது ஆறுதல் தருகிறது என்று சொல்கிறேன். வெள்ளி இரவு பிள்ளைகளை ஆசீர்வதிக்கும்போது பெண் பிள்ளைகளுக்கு வேதத்தில் வரும் மூதாய்களான சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைச் சொல்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு "எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும்" ஆகும்படி வேண்டுகிறார்கள். அந்த இருவரும் யோசேப்புக்கு எகிப்தில் பிறந்த பிள்ளைகள். அவர்களின் தாய் ஆஸ்நாத், எகிப்தியப் பூசாரியின் மகள். வேற்று நாட்டில், வேற்று இனத்தாய்க்குப் பிறந்த இரண்டு பையன்களின் பெயரைச் சொல்லித்தான் யூத வீடுகளில் வாராவாரம் ஆசீர்வாதம் நடக்கிறது! இதை எனக்குச் சொன்னவள் என் மகள். வகுப்பில் தோராவின் முதல் நூலான ஆதியாகமம் படித்ததால் அவளுக்குத் தெரிந்தது. மேலோட்டமான ஒரு பாடத்தில் ஆஸ்நாத்துக்கு இடமிருக்காது. எங்கள் பிள்ளைகளுக்கான இடம் உங்கள் நூல்களுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதுவரை அவர்களை அழைத்துப் போக நேரம் வேண்டும்.

மாற்ற வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். பாடப் புத்தகத்தில் இருக்கும் முகங்களெல்லாம் ஐரோப்பிய முகங்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் வேதக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகப் பாடி, நோட்டுகளில் எழுதி வைத்து மகள்களுக்குக் கொடுத்தார்கள். கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேலர் என்ற இந்திய யூதர்கள், ஓய்வு நாளான சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள், அதனால் ஊரார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே அழைத்தார்கள். மாநிறமான ஒரு பிள்ளை இதையெல்லாம் வகுப்பில் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. புதன்கிழமை நாலரை மணிக்கு வேலையிலிருந்து கிளம்பி வருவது பெரும்பாடு. வீட்டுப்பாடத்தில் திணறும் பிள்ளைக்கு உதவ எங்களுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய கஷ்டம். அதே நேரத்தில் அடுத்த அறையில் பெற்றோருக்கும் ஒரு ஹீப்ரு வகுப்பு வையுங்கள், மதம் மாறாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட் மிட்ஸ்வா அன்று யூதரல்லாத பெற்றோர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை முதல் வருடமே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் யாரும் மனம் நோக வேண்டாம். பதின்மூன்று வயதுக்கு அப்புறமும் வகுப்பு தொடரட்டும்.

2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, நம் வாசலிலும் ஆயுதம் தாங்கிய காவலர் நிற்கிறார். ஒவ்வொரு முறையும் அவரைத் தாண்டித்தான் என் பிள்ளையை உள்ளே அனுப்புகிறேன். பயத்தோடுதான் அனுப்புகிறேன். ஆங்கில எழுத்தில் நாலு பாட்டு மனப்பாடம் செய்யத்தான் என்றால் அந்தப் பயத்தை ஏன் சுமக்க வேண்டும்?

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு நானும் கணவரும் வருகிறோம். எங்களைப் போன்ற வேறு மூன்று குடும்பங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வண்டி ஏற்பாடு செய்வதானால் முதல் முறை எனக்குப் போடுங்கள். என் வண்டியில் நாலு பிள்ளைகள் உட்காரலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா