'எளிதில்' வென்றார்களா?

ஐயா,

திருச்சி ஓபன் செஸ் போட்டி பற்றிய செய்தியில் 'முதல் சுற்றில் முன்னணி வீரர்கள் எளிதில் வென்றனர்' என்று போட்டிருந்தீர்கள். அப்படி எளிதில் தோற்றவர்களில் நானும் ஒருவன். 17ஆம் மேஜை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மணி இரண்டு. மண்டபத்தில் சாம்பார் தீர்ந்து ரசம்தான் மிச்சம்.

தோற்றாலும் வெளியேறாமல் எல்லாச் சுற்றும் ஆடும் சுவிஸ் முறையில் முதல் சுற்று அப்படித்தான் அமையும். 200 பேர் என்றால் ரேட்டிங், அதாவது ஆட்டத் தரப்புள்ளி, வரிசையில் 17ஆவது ஆளுக்கு 117ஆவது ஆள். எனக்கு 1512, எதிரே இருந்த பிளஸ் டூ பையனுக்கு 2080. வித்தியாசம் 400-ஐத் தாண்டினாலும் 400 என்றே சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே கணக்கு வைக்கும். நான் தோற்றால் 1.6 புள்ளி போகும்; டிரா செய்தால் 8.4 வரும். பதினெட்டு ஆகாத பையனுக்கோ டிரா என்றால் 16.8 போய்விடும். அவன் ஏன் நகம் கடித்தான் என்பது இப்போது புரியும்.

50ஆவது நகர்த்தலில் இருவருக்கும் ஆளுக்கொரு யானை. அவனுக்கு மட்டும் நடுவில் ஒரு சிப்பாய் கூடுதல். இதைத் தடுக்கும் வழியை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு செஸ் மேதை ஃபிலிடோர் சொல்லிவிட்டார். சிப்பாய்க்கு நேர் எதிரே ராஜா, நம் பக்கமிருந்து மூன்றாம் வரிசையில் யானை. சிப்பாய் அந்த வரிசைக்கு வரும்வரை யானை அதை விட்டு அசையக்கூடாது; பக்கவாட்டில் மட்டும் நகரலாம். வந்தபிறகு எதிராளி பக்கக் கடைசி வரிசைக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அஞ்சலகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே எனக்கு இது மனப்பாடம்.

சரி, மனப்பாடம் இருந்து என்ன? கடிகாரத்தில் 40 வினாடி. சிப்பாய் வருமுன்பே யானையை இறக்கிவிட்டேன். அப்போதும் ராஜாவைக் குட்டைப் பக்கம், அதாவது சிப்பாயிலிருந்து பலகை ஓரம் கிட்டே இருக்கும் பக்கம், ஒதுக்கியிருந்தால் தப்பியிருக்கலாம். நீளப் பக்கம் ஒதுக்கினேன். 71ஆவது நகர்த்தலில் கை கொடுத்தேன்.

பையன் போகவில்லை. அந்தக் காய்களை மறுபடி அடுக்கி, "சார், யானையை இங்கேயே வச்சிருந்தா டிராதான். எனக்குக் கை நடுங்கிச்சு" என்றான்.

மற்ற மேஜைகளைப் பற்றி நான் பேசவில்லை. அடுத்த முறை 'வென்றனர்' என்று மட்டும் போடுங்கள். அந்த 'எளிதில்' வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
லால்குடி.